கழற்றிய பேரிங் எங்கே?

பழைய போர்ஷே 911 காரைப் புதியதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே வாங்கிவிடலாம். ஆனால் காருக்கு வயதாகிவிட்டதை உதிரிபாக விலைகள் மதிப்பதில்லை. 1997இல் வெளிவந்த 996 வரிசையின் பெரும்பாலான கார்களில், எஞ்சினின் இடைத்தண்டைத் தாங்கும் சிறு பேரிங் சிதைந்தால் எஞ்சினே பாழ். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்கவேண்டும். ஆகவே, கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடலாம் என்பார் மெக்கானிக். நியாயமான யோசனைதான். வேலையைப் பெருக்கிப் பணம் பறிப்பவரும் இதே சொற்களைத்தான் சொல்வார் என்பதே சிக்கல்.

இருவரையும் பிரித்தறியக் கூலி உதவாது என்றே நாம் கருதுகிறோம். கழற்றிய பேரிங்கைக் கேளாமலே நம் கையில் தருபவரை நம்பலாம். 'இது இன்னும் ஓடும், இப்போது வேண்டாம்' என்று தம் வரும்படியைத் தாமே குறைத்துக்கொள்பவரை இன்னும் நம்பலாம். அப்படியொருவர் வாய்த்தபின் கூலியில் பேரம் பேசுவது நமக்கு அழகல்ல.