ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவள் யார்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். மீன்வளம் பெருக வேண்டி அரசு விதித்துள்ள தடைக்காலம் அது. அந்நாள்களில் வீட்டு நகைகள் அடகுக் கடைக்குப் போகும். தடை நீங்கினாலும் கடலில் அச்சம் நீங்குவதில்லை. 2021ஆம் ஆண்டில் ஜனவரியிலும் அக்டோபரிலும் இக்கரையிலிருந்து சென்ற படகுகள் இலங்கைக் கடற்படைக் கலங்களோடு மோதி மூழ்கியதில் உயிர்கள் பலியாயின. இத்தகைய கரையில் ஒரு தகப்பனார் தம் மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்புகிறார் என்றால், குடும்பம் ஒரு காலையாவது தரையில் ஊன்றட்டும் என்பதே அவர் எண்ணம். இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவ இல்லங்கள் யாவற்றுக்கும் இது பொது. பட்டயப் படிப்புக்கு மூன்று ஆண்டுகள். பட்டப் படிப்புக்கு நான்கு. கட்டணம் தடைக்காலம் பார்த்துக் காத்திருப்பதில்லை, கடன் ஏறுகிறது.

படிப்பு முடிந்து, மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவும் பெற்று, வெள்ளுடை தரித்து வேலைக்குச் சேரும் அந்த முதல் ஆண்டைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம். அந்த ஓராண்டில் நிகழும் அநீதி நம் கண்முன் நிகழ்கிறது. நம் நிறுவனங்களிலும் நிகழ்கிறது. நாமோ அதற்கு ‘சேவை’ என்று பெயரிட்டுத் திரையிட்டு வைத்திருக்கிறோம்.

பல தனியார் மருத்துவமனைகளில் புதியவளை வரவேற்கும் முறை நாம் அறியாததன்று. அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலகப் பெட்டியில் பூட்டுவார்கள். இத்தனை ஆண்டுகள் பணி செய்வேன், இடையில் விலகினால் இவ்வளவு தொகை கட்டுவேன் என்று ‘பாண்டு’ எழுதி வாங்குவார்கள். ஊதியம் எவ்வளவு என்று கேட்டால், “முதலில் அனுபவம் வரட்டும் அம்மா” என்பது விடை. அனுபவம் வந்துவிட்டதென்று சான்று தர வேண்டியவர்களும் அவர்களே. கட்டடம் கட்டும் கொத்தனாரிடம் இப்படிப் பேசிப் பார்க்கட்டும். மறுநாள் அவர் வரமாட்டார்.

நம் மருத்துவமனைகளில் துறவியும் ‘சிஸ்டர்’, செவிலியும் ‘சிஸ்டர்’. இந்த ஒரே சொல் எத்தனை கணக்குகளை மறைத்துவிட்டது! அருள்சகோதரி மனமுவந்து ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர். அவருக்கு இல்லம் உண்டு, சபை உண்டு, முதுமையில் பார்த்துக்கொள்ளச் சகோதரிகள் உண்டு. அவருடைய தியாகத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் மீனவர் வீட்டு மகள் எந்தப் பீடத்தின் முன்னும் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. அவள் கொடுத்தது நோயாளியைக் காப்பேன் என்ற உறுதிமொழி மட்டுமே. தான் கொடாத வார்த்தைப்பாட்டை அவள்மேல் சுமத்த நமக்கு யார் அதிகாரம் தந்தார்?

“அவள் சம்மதித்துத்தானே கையெழுத்திட்டாள்?” என்பார் சிலர். இதற்கு மறுமொழி 1891ஆம் ஆண்டிலேயே சொல்லப்பட்டாயிற்று. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ மடலில், தேவையின் நெருக்கடியால் ஒரு தொழிலாளி கடும் நிபந்தனைகளை ஏற்றால் அது உடன்பாடு ஆகாது, அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் பலியாகிறார் என்று தெளிவுபடுத்தினார். ஏறத்தாழ இதே கருத்தை 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. வறுமையின் அழுத்தமும் கட்டாயமே. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்பது அத்தீர்ப்பு. கூலியை இரவு முழுதும் வைத்துக்கொள்ளாதே என்ற லேவியர் நூலின் கட்டளையை நாம் ஆலயத்தில் வாசிக்கக் கேட்கிறோம். மாதக் கணக்கில் நிறுத்தி வைக்கும் ‘பயிற்சிக் கால’ ஊதியத்துக்கு அதில் விலக்கு எதையும் நாம் காணவில்லை.

2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், தனியார் செவிலியரின் நிலையை ஆராய வல்லுநர் குழு அமைக்குமாறு மைய அரசைப் பணித்தது. 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது, 200 படுக்கைகளுக்கு மேற்பட்டால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் என்று அக்குழு பரிந்துரைத்தது. போராட்டங்களுக்குப் பின் கேரள அரசு 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக ஆணையிட்டது. தமிழக அரசின் முன்மாதிரியும் பெருமைக்குரியதன்று. 2015இல் ஒப்பந்த முறையில் தேர்ந்தெடுத்த செவிலியருக்கு அது தந்தது மாதம் 7,700 ரூபாய்; 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் தரையில் அமர்ந்து போராட வேண்டியதாயிற்று. அரசே அப்படி என்றால் நாம் எப்படி இருந்தால் என்ன என்று கேட்பவர்களிடம் ஒன்று கேட்போம்: உப்பு சாரமற்றுப் போகலாம் என்று நமக்கு விதிவிலக்கு உண்டோ?

“ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் செய்கிறோம், பணத்துக்கு எங்கே போவோம்?” என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. சிறிய ஊர்களில் நட்டத்தோடு நடக்கும் மருந்தகங்களை நாம் அறிவோம். அவற்றை நடத்துவோரின் நள்ளிரவுக் கவலையையும் அறிவோம். ஆயினும் அந்த இலவசத்தின் செலவை யார் ஏற்கிறார்? ஏழை நோயாளிக்கு நாம் செய்யும் தருமம், ஏழைச் செவிலியின் மடியிலிருந்து எடுக்கப்படுமானால், தருமம் செய்தவள் அவளே. கல்வெட்டில் பெயர் மட்டும் வேறொருவருடையது.

இனி, ‘அனுபவம்’ என்பார்களே, அதையாவது முறையாகத் தருகிறார்களா? 1974இல் அமெரிக்கச் செவிலியர் அறிஞர் மார்லீன் கிரேமர், வகுப்பில் கற்ற நெறியும் பணியிடத்தின் நடைமுறையும் மோதுகையில் புதிய செவிலியர் அடையும் அதிர்ச்சியே பலரைத் தொழிலைவிட்டு ஓடவைக்கிறது என்று ஒரு நூலாகவே எழுதினார். அந்த அதிர்ச்சியை ஆற்றுவதற்கு மூத்தவர் ஒருவர் சில மாதங்கள் அருகில் நின்று கைப்பிடித்து நடத்த வேண்டும். பொதுப் பிரிவில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல். நடப்பதோ வேறு. சேர்ந்த சில வாரங்களிலேயே இரவுப் பணியில் ஒரு பிரிவு முழுவதும் அவள் தலையில். மூச்சுத் திணறுபவர் ஒரு பக்கம், சொட்டு மருந்து நின்றுபோனவர் மறுபக்கம், ஏசும் உறவினர் வாசலில். மருந்தின் அளவில் ஐயம் வந்தால் கேட்க ஆளில்லை. தவறு நேர்ந்தால் மட்டும் மறுநாள் காலை விளக்கம் கேட்க நால்வர் இருப்பார்கள். பயிற்சியாளர் என்று ஊதியத்தைக் குறைப்பவர்கள், பொறுப்பைச் சுமத்தும்போது அவளை முழுச் செவிலியாகவே கொள்கிறார்கள்! இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். அவள் கற்பவள் என்றால் கற்பியுங்கள். பணியாளர் என்றால் பணியாளருக்குரியதைக் கொடுங்கள்.

நம் பெண்கள் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விடுகிறார்கள் என்று பங்குக் கூட்டங்களில் வருந்துகிறோம். அவர்களைக் கப்பலேற்றியவை அவர்களது முதல் ஆண்டின் சம்பளச் சீட்டுகள்.

இதில் பொதுநிலையினராகிய நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. மருத்துவமனை ஆலோசனைக் குழுக்களில் நாம் இருக்கிறோம். கட்டட நிதிக்குக் கொடுக்கிறோம். ஆண்டறிக்கை கேட்டுக் கைதட்டுகிறோம். நீதியைப் பற்றிப் பேசத் துணிவோர் முதலில் பிறர் பார்வையில் நீதியுள்ளவராய் இருக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு ஆயர் மாமன்றம் திருச்சபையையே நோக்கிச் சொன்னது. திருச்சபைப் பணியாளரின் ஊதியத்தையும் அது அங்கே குறிப்பிட்டது.

மே 12 அன்று செவிலியர் நாள். மெழுகுவத்தி ஏற்றுவோம், ரோசாப்பூ கொடுப்போம், வாழ்த்துரை வழங்குவோம். அந்த நாள் மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில் வருகிறது. கோட்டைப்பட்டினத்தில் படகு கட்டிக் கிடக்கும் வீட்டில் மகளின் பணத்தை எதிர்பார்த்திருக்கும் நேரம் அது. இவ்வாண்டு வாழ்த்துரை முடிந்ததும் நம் குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சென்ற மாதம் கொடுத்தது எவ்வளவு, அவர்களின் சான்றிதழ்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன, நேற்றிரவு அவர்களோடு பணியில் நின்ற மூத்தவர் யார் என்று நிர்வாகத்தைக் கேட்கட்டும். விடை வரும்வரை அமராதிருக்கட்டும்.