தோல்வியின் பொறுப்பு யார்மேல்?

ஓர் அணி வென்றுவருங்காலத்தில் அதனைப் பாராட்டுதற்கு யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை, ஆரவாரமே போதும். அது தொடர்ந்து தோற்றுவருங்காலத்தேதான் ஆராய்ச்சி பிறக்கின்றது. அவ்வாராய்ச்சியும் பெரும்பாலும் ஒரே முடிவை நோக்கி விரைந்தோடுகின்றது. 'பயிற்சியாளரை நீக்குக' என்பதே அம்முடிவு. அஃது எப்போது தக்கது, எப்போது தகாதது என்பதனை ஒரு கல்லூரியின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அக்கல்லூரி அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் என்பது. 1789-ஆம் ஆண்டில் தோன்றி இயேசு சபைக் குருமாரால் வளர்க்கப்பெற்ற அது, கூடைப்பந்தாட்டத்தில் பெரும்புகழும் எய்தியது, பெருந்தாழ்வும் எய்தியது. 'கடல் கடந்த கல்லூரியொன்றின் ஆட்டத்தால் நமக்கென்ன?' என்று வினவுவார் இருப்பர். கூடைப்பந்து நமக்கும் அயலானதன்று. 1891-ஆம் ஆண்டில் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் இவ்வாட்டத்தைப் படைத்தார். அவ்வூரிலேயே பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920-ஆம் ஆண்டில் சென்னையில் அச்சங்கத்தின் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆகவே அவர்தம் கூடத்து வினா நம் ஆடுகளத்து வினாவும் ஆகும்.

மற்றொரு செய்தியும் முற்பட நினைத்தற்குரியது. ஆட்டத்தைப் படைத்த நெய்ஸ்மித்தே பின்னர்க் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் முதற் பயிற்சியாளராக இருந்து 55 ஆட்டங்களில் வென்றார். 60 ஆட்டங்களில் தோற்றார். அப்பெரும்புகழ்ப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளருள் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. ஆட்டத்தை அறிதல் வேறு, அணியை நடத்துதல் வேறு என்பது அவ்வாட்டம் தோன்றிய காலத்திலேயே தெளிவாயிற்று.

இனி ஜார்ஜ்டவுனுக்கு வருவோம். 1971–72-ஆம் பருவத்தில் அவ்வணி மூன்று ஆட்டங்களில் மட்டும் வென்று, இருபத்து மூன்றில் தோற்றது. 1972-இல் ஜான் தாம்சன் என்னும் கறுப்பினத்து இளைஞர் பயிற்சியாளராக அமர்ந்தார். முதலிரண்டு ஆண்டுகளில் அணி சிறிது நிமிர்ந்ததேயன்றிப் பெரும்பேறு ஒன்றும் பெறவில்லை. மூன்றாம் ஆண்டில், 1975-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சில தோல்விகள் தொடர்ந்தன. அப்போது ஒருநாள், கல்லூரிக் கூடத்திலேயே, அவருடைய நிறத்தை இழித்துரைத்து அவர் வெளியேற வேண்டுமென்று எழுதிய துணியொன்று தொங்கவிடப்பட்டது. அதே பருவத்தின் முடிவில் அவ்வணி, 1943-க்குப் பின் முதன்முறையாகத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 1982, 1984, 1985 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதியாட்டம் வரை சென்று, 1984-இல் ஹூஸ்டனை 84–75 என வென்று வாகை சூடியது. அவ்வாகையைச் சூடிய முதற் கறுப்பினப் பயிற்சியாளர் தாம்சனே. துணியைத் தொங்கவிட்டோரின் சொல் அன்று செல்லுபடியாகியிருப்பின் இப்புகழில் ஒன்றும் அக்கல்லூரிக்குக் கிடைத்திராது.

தாம்சன் தம் அறையில் காற்றிழந்த பந்தொன்றை வைத்திருந்தாராம். பந்தின் காற்று ஒருநாள் போய்விடும். படிப்பே நிற்கும் என்பது மாணாக்கர்க்கு அதன் பொருள். நான்காண்டும் அவரிடம் ஆடியவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் பட்டம் பெற்றனர் என்பர். அவருள் தலைசிறந்தவர் பாட்ரிக் யூயிங். ஜமைக்காத் தீவிற் பிறந்து, இளமையிலே அமெரிக்கா சேர்ந்து, 1981 முதல் 1985 வரை ஜார்ஜ்டவுனில் ஆடிப் பட்டமும் பெற்று, பின்னர் நியூயார்க் நிக்ஸ் அணியின் தூணாக விளங்கியவர் அவர். இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களும் பெற்றவர்.

அத்தகையார் 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் தாய்க்கல்லூரிக்கே பயிற்சியாளராக மீண்டபோது ஆர்வலர் எய்திய மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ? எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மகிழ்ச்சி குன்றியது. 2019–20-ஆம் பருவத்தின் நடுவிலேயே ஆட்டக்காரர் சிலர் அணியை விட்டு நீங்கினர். 2021 மார்ச்சில், கடைசி இடமே கிடைக்கும் என்று பருவத்தொடக்கத்தில் கணிக்கப்பட்ட அவ்வணி, பிக் ஈஸ்ட் குழுவின் போட்டியில் நான்கு நாளில் நான்கு ஆட்டங்களை வென்று, இறுதியில் கிரேட்டனை 73–48 என வீழ்த்தியது. இருள் நீங்கிற்று என்றே யாவரும் எண்ணினர். ஆனால் அடுத்த பருவத்தில் அக்குழுவினுள் ஆடிய பத்தொன்பது ஆட்டங்களிலும் தோல்வியே கண்டது. மொத்தம் ஆறு வெற்றி, இருபத்தைந்து தோல்வி. அந்நிலையிலும் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் பயிற்சியாளர்பால் தமக்குள்ள நம்பிக்கையை வெளியிட்டார். அதற்கடுத்த பருவத்தில் குழுவினுள் இரண்டு வெற்றி, பதினெட்டுத் தோல்வி. 2023 மார்ச்சில் யூயிங் நீக்கப்பட்டார். ஆறாண்டுகளில் அவர் கணக்கு 75 வெற்றி, 109 தோல்வி.

இத்தகைய காலத்தில் ஆர்வலர் மூவகைப்படுவர். வைது தீர்ப்பவர் ஒருவகையினர். பழம்பெருமை பேசிப் பொறுத்திருப்பவர் மற்றொரு வகையினர். ஒன்றும் பேசாது கூடத்திற்கு வருதலையே விட்டொழிப்பவர் மூன்றாம் வகையினர். முதல்வகையாரின் கூச்சல் நிருவாகத்தார் காதில் விழுகின்றது. மூன்றாம் வகையாரின் மௌனம் கணக்கேட்டில் விழுகின்றது. இரண்டாம் வகையாரின் பொறுமையோ பலபோது ஒருவர் காதிலும் விழுவதில்லை. ஆயினும் பொறுமை நன்றோ, மாற்றம் நன்றோ என்னும் வினாவை இம்மூவரும் இன்னும் தீர்க்கவில்லை.

பொறுமையை வற்புறுத்துவோர் டியூக் பல்கலைக்கழகத்தைச் சான்று காட்டுவர். அங்கே 1980-இல் பொறுப்பேற்ற மைக் ஷஷெவ்ஸ்கி முதல் மூன்று பருவங்களில் 38 ஆட்டம் வென்று 47 ஆட்டம் தோற்றார். அவரை நீக்குமாறு பழைய மாணாக்கர் பலர் நெருக்கினர். விளையாட்டுத் துறைத் தலைவராயிருந்த டாம் பட்டர்ஸ் இணங்காது, அவர் ஒப்பந்தத்தை நீட்டித்தார். பின்னர் அவர் ஐந்து முறை தேசிய வாகை சூடி, 2022-இல் ஓய்வு பெற்றார். மாற்றத்தை வற்புறுத்துவோர் லூயிவில் பல்கலைக்கழகத்தைச் சான்று காட்டுவர். அங்கே 1986-இல் வாகை சூடிய அணியில் ஆடிய கென்னி பேய்ன், 2022-இல் பயிற்சியாளராக மீண்டார். முதற்பருவத்தில் 4 வெற்றி, 28 தோல்வி. அடுத்ததில் 8 வெற்றி, 24 தோல்வி. அவரை நீக்கிப் பாட் கெல்சியை அமர்த்திய முதற் பருவத்திலேயே, 2024–25-இல், 27 வெற்றி, 8 தோல்வி என்றாயிற்று.

இருதிறத்தார்க்கும் சான்று உண்டு. ஆதலின் சான்று மட்டும் வழக்கைத் தீர்க்காது. மூன்று வினாக்களைக் கேட்டே தீர்த்தல் வேண்டும் என்பது எம் கருத்து. ஒன்று: வெற்றி தோல்வியை ஒருபால் வைத்து நோக்கின், ஆட்டக்காரர் முன்னையினும் இன்று தேர்ந்திருக்கின்றனரா? இரண்டு: தேர்ந்தவர் அங்கேயே தங்க விழைகின்றனரா, நீங்க விழைகின்றனரா? மூன்று: தாம் செய்தது பயன்தராதபோது பயிற்சியாளர் தம் முறையை மாற்றிக்கொள்கின்றாரா? இம்மூன்றிற்கும் விடை நன்றாயின் எண்ணிக்கை எத்துணை இழிந்ததாயினும் பொறுத்தல் வேண்டும். மூன்றும் தீதாயின் பழம்புகழ் எத்துணைப் பெரிதாயினும் விடைகொடுத்தல் வேண்டும்.

இவ்வளவைக்கொண்டு நோக்குவார்க்கு, ஜார்ஜ்டவுன் நிருவாகத்தார் 2022-ஆம் ஆண்டிலேயே யூயிங்கிற்கு மதிப்போடு விடைகொடுத்திருத்தல் வேண்டும் என்பது புலனாகும். ஐந்தாண்டு என்பது குறுங்காலமன்று. வாகை பெற்ற அணி மறுபருவத்திற்குள் கலைந்தது, புதியோர் தேறவில்லை. நிருவாகத்தார் செய்த பிழை யாதெனின், நன்றியையும் பதவியையும் ஒன்றாகக் கருதியதே. யூயிங்கிற்கு அக்கல்லூரி பட்ட கடன் பெரிது. ஆனால் அக்கடனை இன்றைய மாணாக்கர் ஆடும் பருவங்களைக்கொண்டு தீர்ப்பது முறையன்று. மேலும் அவ்வோராண்டு நீட்டிப்பால் மிகத் துன்புற்றவர் யூயிங்கே. கைதட்டி வரவேற்கப்பெற்ற பெயர் பெருமூச்சோடு உரைக்கப்பெறும் பெயராயிற்று.

'அன்புடையார் அதனை எங்ஙனம் அவரிடம் கூறுவர்?' எனின், அன்புடையாரே கூறுதற்குரியர் என்போம். வேந்தனை வாழ்த்திய புலவரே அவனுக்குச் செவியறிவுறூஉப் பாடியதும் நம் புறத்திணை மரபன்றோ? புகழ்ந்த வாயே இடித்துரைத்தலால்தான் அவ்வுரைக்கு மதிப்பு உண்டாயிற்று.

ஈண்டு ஒரு தடை எழலாம். யூயிங்கிற்குப்பின் வந்த எட் கூலியும் தம் முதற் பருவமாகிய 2023–24-இல் குழுவினுள் பெற்றது அதே இரண்டு வெற்றி, பதினெட்டுத் தோல்விதான். அவரையும் உடனே நீக்குதல் வேண்டும் என்று கூறுவோமா? கூறோம். எண் ஒன்றாயினும் நிலை வேறு. ஆறாம் ஆண்டின் இரண்டு வெற்றி ஒரு முறையின் முடிவைக் காட்டுவது. முதலாண்டின் இரண்டு வெற்றி அவர் கையேற்ற நிலத்தின் வறுமையைக் காட்டுவது. அவ்வாண்டில் ஒப்புநோக்குதற்கு முந்தைய ஆண்டே அவர்க்கில்லை. அடுத்த பருவத்தில் அவ்வணி குழுவினுள் எட்டு வெற்றியும், மொத்தம் பதினெட்டு வெற்றியும் பெற்றது. இது பெரும்புகழ் அன்று; ஆயினும் எம் முதல் வினாவிற்கு நல்விடையாகும்.

இனி ஆர்வலர்க்கும் ஒரு சொல். 2021-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர் ஓராண்டு வாளாவிராமலே வேறு கல்லூரி சேர்ந்து ஆடவும், தம் பெயரால் பொருளீட்டவும் விதி இடந்தந்துள்ளது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே அவர்க்குப் பொருள் பகிர்ந்தளிக்கவும் இடம் உண்டு. ஆதலின் அணியைக் கட்டுதலும் விரைவில் இயலும். அது கலைதலும் விரைவில் நிகழும். இந்நிலையில் கூடத்திலெழும் வசை பயிற்சியாளரை மட்டும் சுடுவதன்று. ஆடுவோன் பத்தொன்பது வயதினன், எம்மொத்தவன். தேர்வில் தவறிய மாணாக்கனை வகுப்பறை வாயிலில் நின்று நகைப்பாரை யாம் மதிப்பதில்லை. எறிந்த பந்து தவறியவனை நகைப்பாரை மட்டும் ஏன் மதித்தல் வேண்டும்? 'நீக்குக' என்று உரைத்தல் ஆர்வலரின் உரிமை. அதனைக் காரணத்தோடு உரைத்தல் அவர்தம் கடமை. 1975-இல் தொங்கிய துணியில் காரணம் ஒன்றும் இல்லை, வெறுப்பே இருந்தது. அதனை எழுதியவருக்கும் உண்மையான ஆர்வலருக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

நிருவாகத்தார்க்கும், பொறுமை கற்பிக்கும் பழைய மாணாக்கர்க்கும் ஒன்று கூறி முடிப்போம். பழைய மாணாக்கர்க்குப் பொறுத்திருக்க வாழ்நாள் முழுதும் உண்டு. மாணாக்கனுக்கோ நான்கே பருவங்கள். 1981-இல் ஜார்ஜ்டவுனிற் புகுந்தவன் நான்காண்டில் மூன்று இறுதியாட்டங்களைக் கண்டான். 2021-இல் புகுந்தவன் நான்காண்டில் குழுவினுள் கண்டவை பன்னிரண்டு வெற்றி, அறுபத்தேழு தோல்வி. இருவரும் ஒரே கூடத்தின் பிள்ளைகளே. ஒரே நிறத்துச் சட்டை அணிந்தவர்களே. 'பொறு' என்னும் ஒரு சொல்லை இப்பின்னவனிடம் கூறுமுன், அவன் இழந்தது யாது என்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். அவ்வறுபத்தேழு தோல்விகளையும் இருக்கையை விட்டெழாமல் கண்டவன் எவனாயினும், பயிற்சியாளரைப்பற்றிக் கருத்துரைத்தற்கு அவனினும் உரியார் அக்கல்லூரியில் இலர் என்பது எம் துணிபு.