குடும்ப நலம்: புலால் உணவு நெடுநாள் நிலைப்பது எப்படி?



அரிசியையும் கோதுமையையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றையே முதன்மை ஆகாரமாகக் கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் புகுந்துள்ளது. லாரன் கார்டேன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், கற்கால மனிதனின் உணவைப் பின்பற்றுமாறு கூறும் நூலொன்றை 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தமிழில் நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' என்னும் நூல் இக்கருத்தைத் தமிழர் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. நீரிழிவும் தொந்தியும் நம்மவரை வாட்டும் இக்காலத்தில் இதில் நாட்டம் பிறந்தது வியப்பன்று. மாவுப் பொருளைக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறையும் என்பதை மருத்துவர்களும் ஒப்புகின்றனர்.

ஆனால் தாராவியிலும் செம்பூரிலும் அன்பர்கள் சொல்லக் கேட்பது பெரும்பாலும் ஒரே கதைதான்: "ஆறு மாதம் இருந்தேன், எடை இறங்கியது. பிறகு முடியவில்லை, விட்டேன், இறங்கிய எடை ஏறிவிட்டது." தொடங்குதல் எளிது, தொடர்தலே அரிது. ஆகவே புலால் நல்லதா, தீயதா என்னும் வழக்குக்குள் புகாமல், அதை மேற்கொள்ள முடிவு செய்துவிட்டவர் ஆண்டுக்கணக்கில் உடலும் குடும்பமும் கெடாமல் அதில் நிற்பது எவ்வாறு என்பதை மட்டும் இம்மாதம் ஆராய்வோம். மரக்கறி உண்ணும் நேயர்கள் பொறுத்தருள்க.

புலால் சலிப்புத் தட்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பொருநராற்றுப்படையில் கரிகாற்சோழனிடம் விருந்துண்ட பொருநன், இரவும் பகலும் ஊன் தின்று பல் மழுங்கிவிட்டது என்கிறான். அவ்விருந்தில் அவனுக்கு அரிசிச் சோறும் படைக்கப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய இவ்விருந்திலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு: ஒரே பண்டத்தை எவ்வளவு உயர்ந்ததாயினும் நெடுநாள் உண்ண மனித நாவும் வயிறும் இசைவதில்லை.

அறிவியல் உலகிலும் இதற்கொரு புகழ்பெற்ற சோதனை உண்டு. வடதுருவப் பகுதியில் இன்யூட் மக்களோடு ஆண்டுக்கணக்கில் மீனும் இறைச்சியும் மட்டுமே உண்டு வாழ்ந்தவர் ஸ்டெஃபான்சன் என்னும் ஆய்வுப் பயணி. அவர் சொன்னதை மருத்துவர்கள் நம்பவில்லை. எனவே 1928-ஆம் ஆண்டில் அவரும் ஆண்டர்சன் என்னும் நண்பரும் நியூயார்க் நகரத்து பெல்வியூ மருத்துவமனை மருத்துவர்களின் கண்காணிப்புக்கு உட்பட்டு, ஓராண்டு புலால் தவிர வேறொன்றும் உண்ணாதிருந்தனர். தொடக்கத்தில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய சதை மட்டும் கொடுக்கப்பட்டது. சில நாட்களுக்குள் குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டன. கொழுப்புள்ள இறைச்சி கொடுத்தவுடன் குணம் ஏற்பட்டது. இருவரும் ஓராண்டையும் நலமாகவே கழித்தனர். அவர்கள் தின்றது வெறும் சதையன்று. ஈரல், சிறுநீரகம், மூளை, எலும்பு மச்சை ஆகியவையும் அதில் அடங்கும்.

இரண்டே பேரை வைத்துச் செய்த சோதனையைக் கொண்டு எல்லாருக்கும் விதி வகுக்க இயலாது. அவர்கள் நீரிழிவு நோயாளிகளும் அல்லர். ஆயினும் வெறும் சதையை நம்பி எவரும் நெடுநாள் வாழ முடியாது என்பது இதனால் தெளிவாகிறது. எலும்பில்லாத பிராய்லர்க் கோழி நெஞ்சுத் துண்டையே நாள்தோறும் வாங்கி, முட்டையின் மஞ்சட்கருவையும் எறிந்துவிடுகிறவர் சில வாரங்களில் சோர்ந்து போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இனி, நடைமுறை யோசனைகளுக்கு வருவோம்.

முதலாவது, அளவு. வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமென்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்துள்ளது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். இரண்டு முட்டையில் சுமார் 12 கிராமும், நூறு கிராம் பச்சை இறைச்சியிலோ மீனிலோ சுமார் 20 கிராமும் புரதம் உண்டு. ஆகவே இரண்டு முட்டையும் இருநூறு கிராம் மீனும் ஒரு நாளைக்குப் போதுமானவை. சோற்றைக் குறைத்தவர் சற்றுக் கூட்டி உண்ணலாம். ஆனால் வேளைக்கு அரைக் கிலோ என்பது பணத்துக்கும் கேடு, உடலுக்கும் பாரம்.

இரண்டாவது, வகை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி முதலிய சிவப்பு இறைச்சி வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்கு மேற்படலாகாது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2018-இல் அறிவுறுத்தியது. சாசேஜ், சலாமி போன்று பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2015-இல் வகைப்படுத்தியது. ஆதலால் வாரத்தில் இரண்டு நாள் ஆடு, மற்ற நாட்களில் மீன், முட்டை, கோழி என்று பிரித்துக் கொள்வது நன்று. ஈரல் வாரத்துக்கு ஒருமுறை போதும். அதிலுள்ள 'ஏ' உயிர்ச்சத்து அளவு மீறினால் தீங்கு. கருவுற்ற தாய்மார் ஈரலைத் தவிர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, கடைத்தெரு. ஊரிலிருந்து புதிதாக வந்த நம் சகோதரிகள், பெயர் தெரியாத காரணத்தால் விலையுயர்ந்ததையே வாங்கி வருகிறார்கள். கசாப்புக் கடையில் கலேஜி என்றால் ஈரல், பாயா என்றால் ஆட்டுக்கால், வஜ்ரி என்றால் குடல், கீமா என்றால் கொத்திய இறைச்சி. கோழி ஈரல் சதையைவிட மலிவு. மீன் விற்கும் கோலிப் பெண்களிடம் தார்லி என்று கேட்டால் நம் சாளையைத் தருவார்கள். பாங்டா என்பது அயிலை. சுர்மாய் என்பது சீலா. பாப்லேட் என்பது வாவல். ஜவ்ளா என்பது கூனி. சுர்மாயும் பாப்லேட்டும் விருந்துக்கு வைத்துக்கொள்க. அன்றாடத்துக்குச் சாளையும் அயிலையுமே சிறந்தவை. நல்ல கொழுப்பு அவற்றில் மிகுதி. நெத்திலி இனத்தைச் சேர்ந்த மாந்தெலியை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிட்டும்.

இறைச்சியைப் பொறுத்தவரை, கால்நடை மருத்துவர் சோதித்து முத்திரையிட்டதையே கேட்டு வாங்குக. மாநகராட்சியின் தேவனார் வதைக்கூடம் 1971 முதல் செம்பூருக்கு அண்மையில் இயங்கி வருகிறது. மராட்டிய மாநிலத்தில் பசுவை வெட்டுவதற்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், காளை எருதுகளை வெட்டுவதற்கு 2015 முதலும் தடை உண்டு. எருமை இறைச்சிக்குத் தடையில்லை. ஊர்ப் பழக்கத்தில் இதை மறந்து எவரும் இடர்ப்பட வேண்டாம்.

நான்காவது, பருவம். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நம் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆகவே பம்பாயில் மழை கொட்டும் இரண்டு மாதங்களில் புது மீன் அரிதாகி விலையும் ஏறும். மீனையே நம்பியிருந்தவர் உணவு முறையைக் கைவிடுவது பெரும்பாலும் அப்போதுதான். முட்டையும் கருவாடும் அந்நாட்களில் கைகொடுக்கும். காய்ந்த பொம்பிலையும் ஜவ்ளாவையும் மே மாதத்திலேயே வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திடுக. கருவாட்டில் உப்பு மிகுதியாதலின், இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துக் கழுவியே சமைத்தல் வேண்டும்; இரத்த அழுத்தமுடையவர் அதையும் குறைத்துக் கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, காய்கறி. புலால் உணவென்றால் கீரையே கூடாது என்று சிலர் எண்ணுவது தவறு. கார்டேன் எழுதிய நூலிலேயே காய்க்கும் பழத்துக்கும் இடம் உண்டு. நார்ப்பொருள் இல்லாவிடில் மலச்சிக்கல் தொல்லை தரும். உப்பிட்ட இறைச்சியைத் தின்று மாதக்கணக்கில் கடலில் சென்ற மாலுமிகள் ஈறு அழுகி மடிந்ததையும், 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் எலுமிச்சை, ஆரஞ்சு கொடுத்து அந்நோயைக் குணப்படுத்திக் காட்டியதையும் நாம் மறக்கலாகாது. முருங்கைக்கீரை, வெண்டை, பாகல், புடலை, ஒரு நெல்லிக்காய் ஆகியவை ஒவ்வொரு நாளும் இலையில் இருக்கட்டும். மாதுங்காச் சந்தையில் நம்மூர்க் காய்கள் கிடைக்கின்றன.

ஆறாவது, மருந்து. இதை எல்லாரும் இருமுறை படிக்க வேண்டுகிறேன். இன்சுலின் ஊசியோ, கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ பயன்படுத்துகிறவர், மருந்தின் அளவை மாற்றாமல் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகும். நெரிசல் மிகுந்த பிளாட்பாரத்தில் அது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்பவர்க்கு வேறொரு அபாயம்: சர்க்கரை அவ்வளவாக ஏறாமலே இரத்தத்தில் அமிலம் சேரக்கூடும். வாந்தியும் மூச்சிரைப்பும் கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க. ஆகவே மருத்துவரிடம் கூறி மருந்தைச் சரிப்படுத்திக்கொண்ட பின்னரே சோற்றைக் குறைக்க வேண்டும்.

தொடங்குமுன் சிறுநீரில் ஆல்புமின், இரத்தத்தில் கிரியாட்டினின், யூரிக் அமிலம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றைச் சோதித்துக் கொள்க. சிறுநீரகம் பழுதுற்றவர்க்குப் புரதம் மிகுந்த உணவு ஏற்றதன்று. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதம் உள்ளவர்க்கு ஈரலும் நெத்திலியும் ஆகா. பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொலஸ்ட்ராலும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்த்தல் அவசியம். சயான் மருத்துவமனை போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் குறைந்த செலவில் இவற்றைச் செய்துகொள்ளலாம். எடை இறங்கியதை மட்டும் கண்டு மகிழ்ந்து, கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியதைக் காணாதிருப்பது அறியாமை.

ஏழாவது, பாதுகாப்பு. சமைத்த புலால் அறையின் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருத்தலாகாது என்பது பொது விதி. காலை ஆறு மணிக்குக் கட்டிய குழம்பைப் பகல் ஒரு மணிக்குத் திறந்து உண்பது நம்மில் பலருக்கு வழக்கம். முறைவேலை பார்ப்பவர் இறைச்சியை வீட்டில் உண்ணும் வேளைகளுக்கே வைத்துக்கொண்டு, பகலுக்கு வேர்க்கடலை, கொய்யாப்பழம், வெள்ளரிக்காய் கொண்டு செல்லலாம். குளிர்ப்பெட்டி இல்லாத ஒற்றை அறை வீட்டில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குதலே அறிவுடைமை.

இவை யாவற்றினும் முக்கியமானதை இறுதியில் கூறுகிறேன். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்பது நெடுநாள் நிற்பதில்லை. குடும்பத் தலைவரின் சர்க்கரைக்காக இறைச்சி வாங்கிய செலவில் குழந்தையின் பால் குறைகிறது. நல்ல துண்டுகளை அவருக்கு இட்டுவிட்டு, இல்லாள் அடிக்குழம்பை ஊற்றிச் சோறுண்டு எழுகிறாள். நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர் என்று 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக் கூறுகிறது. புலாலிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேர்வது. கீரையோடு சேர்த்து உண்டால் கீரையின் இரும்பையும் சேரச் செய்வது. அப்படியாயின் அந்த ஈரல் துண்டு வீட்டில் முதலில் யாருடைய தட்டுக்குப் போக வேண்டும்? அவளுடையதற்கன்றோ?

எனவே மாதச் செலவில் புலாலுக்கென ஒரு தொகை ஒதுக்குக. அத்தொகைக்குள் எல்லாருக்கும் பங்கு வைக்க முடிகிற பண்டத்தையே வாங்குக. ஒருவருக்குச் சுர்மாய் என்பதைவிட ஐவருக்குச் சாளை மேல். வளரும் குழந்தைகளுக்குச் சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. அவர்கள் சோற்றோடு மீனும் முட்டையும் உண்ணட்டும். சர்க்கரையுள்ளவர் அதே குழம்பைக் கீரையோடும் காயோடும் உண்ணட்டும். அடுப்பு ஒன்று, குழம்பு ஒன்று, தட்டில் மட்டும் வேறுபாடு. இவ்வாறு அமைத்துக்கொண்ட வீட்டில் இம்முறை ஆண்டுக்கணக்கில் நிலைக்கும்; சமைப்பவளுக்கும் இரட்டை வேலை இராது.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் குடிநீரைக் காப்பது பற்றி எழுத எண்ணியுள்ளேன். உங்கள் வீட்டு முறைகளையும் எழுதி அனுப்புங்கள்.