பல்லுக்கு நாடு தேடும் தொழிலாளி

துருக்கிக்குப் போவதா, ஹங்கேரிக்குப் போவதா, எங்கே செலவு குறையும்? பல் வலியோடு இன்று பிரிட்டிஷ் தொழிலாளி போடும் கணக்கு இது. சர்க்கார் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் பல் டாக்டர் பலருக்குக் கிடைப்பதில்லை. தனியாரின் கட்டணமோ எட்டாத உயரம்.

தோழர்களே! இதே பிரிட்டனில்தான் 1948-இல் தேசிய சுகாதார சேவை பிறந்தது. பல் வைத்தியம், பல்செட்டு, மூக்குக்கண்ணாடி எல்லாம் இலவசம். அதை உருவாக்கிய மந்திரி அன்யூரின் பெவன், சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். மூன்றே ஆண்டில் நடந்ததென்ன? கொரிய யுத்தத்தை ஒட்டி ஆயுதச் செலவு ஏறியது. 1951 பட்ஜெட்டில் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார்கள். பெவன் பதவியை உதறினார். மறு ஆண்டே பல் வைத்தியத்துக்கும் கட்டணம் வந்தது.

மலிவான நாட்டைத் தேர்ந்தெடுப்பது நோயாளியின் சுதந்திரமாம்! நாம் கேட்கிறோம்: விமான டிக்கெட்டுக்குக் காசில்லாதவனுக்கு ஏது சுதந்திரம்? ஊர் திரும்பியபின் பல் சீழ் பிடித்தால் அவன் யாரிடம் முறையிடுவான்?

நாடு தேடி அலைவது பரிகாரமல்ல. போராடிப் பெற்ற உரிமையில் காலணாக் கட்டணம் நுழைந்தாலும் அன்றே எதிர்க்க வேண்டும். நமது ஊர் ஆஸ்பத்திரிக்கும் இதுவே பாடம்!