முதல் டிகாக்‌ஷனின் மரியாதை

கியூபா தேசத்து இல்லங்களில், அடுப்பிலேறிய சிறு பாத்திரத்திலிருந்து முதலில் சொட்டும் கடுங்காப்பியைச் சர்க்கரையுடன் கரண்டியால் அடித்து நுரையாக்கி, எஞ்சியதை அதன்மேல் ஊற்றி அருந்துவர் என்று அறிந்தபோது, மும்பை அணுசக்தி நகர்க் குடியிருப்பில் விடியற்காலை பித்தளை பில்டரைத் தட்டி, முதல் டிகாக்‌ஷனை விருந்தினருக்கென ஒதுக்கிவைக்கும் நம் கிருஹிணிகளே என் நினைவுக்கு வந்தனர்.

அங்கே ரேஷன் காப்பித்தூளில் பட்டாணியைக் கலப்பது பற்றாக்குறையின் நிர்ப்பந்தம். இங்கோ, மாதுங்காவில் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகள் இருக்கையில், சட்டம் நூற்றுக்கு 49 பங்குவரை அனுமதிக்கிறதென்று சிக்கரியைத் தாராளமாய்ச் சேர்த்துவிட்டு அதை ருசியென்பது, என் அபிப்பிராயத்தில், சிக்கனத்திற்குச் சூட்டிய அலங்காரப் பெயரே. சிக்கரியின்றி டிகாக்‌ஷன் விரைந்திறங்கி நீர்த்துவிடும் என்பார்கள். தூளைச் சற்று நைஸாக அரைக்கச் சொன்னால் தீர்ந்தது. அடுத்த மாதம் கலப்பற்ற தூள் கால் கிலோ வாங்கிப் பாருங்கள்.