திரையில் தெரிவதும் ஆகாயத்தில் இருப்பதும்

போன ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு போயிருந்தோம். நான், பேரன், அவனுடைய சிநேகிதன். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் பிடித்தோம். மேலணையைப் பார்த்தபடி மரத்தடியில் உட்கார்ந்ததும் பையன்கள் இருவரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. வழக்கமான சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும் டி.சி.எஸ். சிமுலேட்டர்தான் விஷயம்.

"தாத்தா, எஃப்-18ல எல்லாமே டிஸ்ப்ளேல வந்துடும். எவன் எங்க இருக்கான்னு அதுவே காட்டும். தலையைத் திருப்பவே வேணாம்" என்றான் சிநேகிதன். போதாததற்கு லேபிளும் போட்டுக்கொள்வானாம். அதாவது, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வரும் விமானத்தின் பக்கத்தில் அதன் பெயரும் தூரமும் எழுத்தாகவே ஆகாயத்தில் மிதக்கும்!

விளையாட்டுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் என் பேரன் என்.டி.ஏ. தேர்வுக்குப் படிக்கிறான். விமானப் படைக்குப் போக வேண்டும் என்கிறான். அதனால் நான் விடுவதாக இல்லை. இரண்டு பேருக்கும் அங்கே சொன்னதையும், பஸ் வந்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வயதுக்காரர்களோடு ஒரு தகராறைத் தீர்த்துக்கொள்கிறேன். "எங்க காலத்துல மிக்-21ல திரையா இருந்தது? கண்ணாலேயே பார்த்து அடிச்சாங்க" என்று நடைப்பயிற்சி நண்பர்கள் சிலர் பெருமை பேசுவார்கள். அது பாதிதான் உண்மை. அந்த விமானி காதில் தரையிலிருந்து ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்: இந்தத் திசை, இவ்வளவு உயரம், இவ்வளவு தூரம் என்று. திரை அப்போதும் இருந்தது. எங்களிடம் இருந்தது. நான் இருபது வருஷம் ரேடார் பிரிவில் இருந்தவன். ஆகவே திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிஜ விமானத்தில் இருக்கும் கருவியைச் சிமுலேட்டரில் பயன்படுத்துவது ஏமாற்று வேலையும் அல்ல. லேபிள்தான் ஏமாற்று, ஏனென்றால் எந்த நாட்டு ஆகாயத்திலும் அப்படி எழுதி வைத்திருக்கவில்லை. எதிரி விமானத்தைத் தானாகவே பார்வை பின்தொடரும்படி பூட்டிவைக்கும் வசதியும் அதே ரகம். கழுத்து வலிக்காமல் கிடைக்கும் பார்வை அது. நிஜத்தில் பலமடங்கு புவியீர்ப்பில் தலையே தூக்க முடியாமல் பாரமாகிவிடும்.

சரி, நிஜக் கருவிக்கு வருவோம். ரேடார் ஆன்டெனா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் துழாவிவிட்டு வரச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் திரையில் நகரும் புள்ளியை யார் நகர்த்துவது? கம்ப்யூட்டர். "போன முறை இங்கே இருந்தான், இந்த வேகத்தில் போனான், ஆகவே இப்போது இங்கே இருப்பான்" என்று கணக்குப் போட்டு நகர்த்துகிறது. இரண்டு விமானங்கள் எதிரெதிரே மணிக்கு 900 கிலோமீட்டரில் வந்தால், இடைவெளி விநாடிக்கு 500 மீட்டர் குறையும். முக்கொம்பிலிருந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரை அரை நிமிடம்கூட ஆகாது. நாலு விநாடி பழைய புள்ளி என்றால் இரண்டு கிலோமீட்டர் பழைய புள்ளி. அதற்குள் எதிரி குறுக்காகத் திரும்பிவிட்டால் இன்னொரு வேடிக்கை. நம்மை நோக்கி வரும் வேகம் அவனிடம் இல்லாமல் போவதால், ரேடார் அவனைத் தரையோடு தரையாக நினைத்து வடிகட்டிவிடும். திரையில் மட்டும் கொஞ்ச நேரம் அவன் நேராக வந்துகொண்டே இருப்பான். அந்த இடத்தில் யாருமே இருக்க மாட்டார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கையாலேயே செய்திருக்கிறேன். பெரிய கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் நின்று, முன்னால் இருப்பவர்களுக்கு நேராகத் தெரியும்படி எழுத்துகளைத் திருப்பி எழுதுவோம். ஒருநாள் நள்ளிரவு ஷிப்டில் ஒரு விமானத்தின் புள்ளி ரேடாரில் மங்கிப்போனது. நான் பழைய வேகத்தை வைத்து அடுத்த புள்ளி, அதற்கடுத்த புள்ளி என்று நாலைந்து வைத்துக்கொண்டே போனேன். விமானம் அதற்கு முன்பே திரும்பி வீட்டைப் பார்க்கப் போயிருந்தது. அதிகாரி கேட்டார்: "இதில் எது நீ பார்த்தது, எது நீ நினைத்தது?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாமே ஒரே வெள்ளைப் பென்சில்!

பையன்கள் ஓட்டும் எஃப்-18 திரை அந்தக் கேள்விக்கு அழகாகப் பதில் சொல்லி வைத்திருக்கிறது. ஒவ்வொரு குறியும் இரண்டு பாதி. மேல் பாதி நம் விமானமே கண்டறிந்தது. கீழ் பாதி டேட்டா லிங்க் வழியாக அடுத்தவர் சொன்னது. அரைவட்டம் நண்பன், கூரை போன்ற முனை எதிரி, கட்டம் போல மடங்கியிருந்தால் யாரென்று தெரியாது. இவ்வளவு நேர்மையான திரையைக் கொடுத்தும், பையன்கள் சிவப்பா பச்சையா என்று மட்டும் பார்க்கிறார்கள். பாதிகளைப் பார்ப்பதே இல்லை. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுகிற மாதிரி.

அப்படி எழுதிய தீர்ப்புகள் உண்டு. 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரான் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர் இறந்தார்கள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருப்பதாகத்தான் கப்பலின் கருவி பதிவு செய்திருந்தது. அதைப் பார்த்தவர்கள் கீழே இறங்குகிறது என்று சொன்னார்கள். நம் ஊரில் 2019 பிப்ரவரி 27, பட்காம். நம் எம்.ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. உள்ளே இருந்த ஆறு வீரர்களும் தரையில் ஒருவரும் போனார்கள். பெரிய தவறு என்று அந்த அக்டோபரில் விமானப் படைத் தளபதியே ஒப்புக்கொண்டார்.

"அதெல்லாம் சண்டை நேரம் தாத்தா" என்றான் சிநேகிதன். சண்டையே வேண்டாம், திருச்சியையே எடுத்துக்கொள் என்றேன். 2018 அக்டோபர் 12 நள்ளிரவு தாண்டி, 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பிய போயிங் 737, நம் விமான நிலையச் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு ஏறியது. ஓடுபாதையில் ஓடும்போது எஞ்சின் விசை தவறுதலாகக் குறைந்துவிட்டது. திரை அதைக் காட்டியது, கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை. இடித்த பிறகு நடந்தது தலைகீழ். வயிற்றுப்பக்கம் கிழிந்திருந்தது. திரையில் எல்லாம் சரியாக இருந்தது, ஆகவே மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மும்பையில் இறக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ரங்கநாதர் புண்ணியம். ஒரே இரவில், காட்டிய திரையைப் பார்க்கவில்லை, காட்டாத திரையை நம்பினார்கள்.

சிநேகிதன் கொஞ்ச நேரம் பேசவில்லை. எதிரே கொள்ளிடம் பக்கம் கைகாட்டினேன். அந்த வருஷமே ஆகஸ்டு 22 ராத்திரி அங்கே 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1830களில் ஆர்தர் காட்டன் காலத்தில் எழும்பிய அணை. எத்தனை கன அடி வருகிறது, எத்தனை போகிறது என்று மணிக்கு மணி எண்கள் வந்துகொண்டுதான் இருந்தன. தூணின் அடியில் என்ன நடக்கிறது என்று எந்த எண் சொல்லும்?

பஸ்ஸில் திரும்பும்போது பேரனோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். லேபிள் கிடையாது, பார்வையைப் பூட்டுவது கிடையாது. டிஸ்ப்ளே உண்டு. ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை திரையை மறைத்துக்கொண்டு, யார் எங்கே, அடுத்த நிமிடம் எங்கே இருப்பான் என்று வாயால் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொள்வேன்.

நேற்று ராத்திரி முதல் தடவை. ஏழாவது நிமிடத்தில் செத்துப்போனான்.

"பின்னாடியிருந்து வந்துட்டான் தாத்தா."

"திரையில இருந்தானா?"

"இருந்தான். மஞ்சளா."

"எந்தப் பாதி?"

யோசித்தான். "கீழ்ப் பாதி மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஓடுபாதைக்குப் போனான். பாட்டி சாப்பிடக் கூப்பிட்டது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.