புகையில்லாத அடுக்களை

கீழே சேலம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. மேலே, சேர்வராயன் மலையில், ஏற்காட்டு ஏரியின்மீது மூடுபனி தவழ்ந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் பார்த்து வந்தவர்களல்லர் நாங்கள். ஓய்வு கிடைத்த நேரமே நல்ல நேரம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். எடுத்துக்கொண்ட பொருள் புதுமையானது: உலகத்து விஞ்ஞானச் சிறுகதைகளில் தலைசிறந்தது எது?

வாதம் சூடேறிற்று. அசிமோவின் 'நைட்ஃபால்' என்றார் ஒரு தோழர். 1941இல் வெளிவந்த கதை. ஆறு ஞாயிறுகள் காயும் உலகிலே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கொரு முறை இருள் கவிகிறது. விண்மீன்களைக் கண்டறியாத மக்கள் வெருண்டு, வெளிச்சம் வேண்டித் தம் நகரங்களையே கொளுத்துகிறார்கள். இல்லை, கிளார்க் 1953இல் எழுதிய கதையே சிறந்தது என்றார் மற்றொருவர். திபெத்து மடத்துத் துறவிகள் கடவுளின் பெயர்கள் அனைத்தையும் கணிப்பொறி கொண்டு அச்சிட்டு முடிக்க, வானத்து விண்மீன்கள் ஒவ்வொன்றாய் அணைந்துபோகும் கதை அது. "கணிப்பொறியையும் மடத்து ஊழியத்துக்கு அனுப்பிவிட்டீரே!" என்று ஒரு குரல் எழ, மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது.

கை தூக்கச் சொன்னோம், எண்ணினோம், அசிமோவ் வென்றார், ஆரவாரம் செய்தோம். அப்போதுதான் காப்பி வந்தது.

கொண்டுவந்தவர்கள் யார்? நம் இயக்கத்துப் பெண் தோழர்கள் நால்வர். இரண்டு மணி நேரமாக, பின்கட்டிலே, ஈர விறகோடும் புகையோடும் போராடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களை எவரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. குவளையை என்முன் வைத்த தோழியர் அமைதியாகக் கேட்டார்: "எங்கள் கைகளையும் எண்ணினீர்களா, தோழரே? ஏனம் கழுவும் கைகள்தாம். ஆனாலும், தூக்கினால் தெரியும்!"

பிறகு தம் வாக்கைச் சொன்னார்: "சுல்தானாவின் கனவு."

அங்கிருந்த ஆண்களில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. வெட்கம், தோழர்களே, வெட்கம்! இலண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சான கதைகளின் ஆண்டும் திங்களும் நமக்கு மனப்பாடம். 1905இல் நம் சென்னையிலே, கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' ஏட்டிலே வெளிவந்த கதையை நாம் அறியோம்!

எழுதியவர் ரொக்கேயா. வங்கத்தின் ரங்பூர்ப் பகுதியில் 1880இல் பிறந்தவர். திரைமறைவில் வளர்ந்த அந்தப் பெண், இரவுப் பொழுதிலே அண்ணனிடம் ஆங்கிலம் கற்றார். கணவர் வெளியூர் சென்றிருந்த நாள்களில் இக்கதையை எழுதினார். திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்று பாராட்டினாராம்.

என்ன பழி? கனவிலே சுல்தானா ஒரு நாட்டைக் காண்கிறாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள்ளே. பெண்கள் வீதியிலே, ஆய்வுக்கூடத்திலே, ஆட்சியிலே. ஒரு பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து நீரை இறக்குகிறது. மற்றொன்று ஞாயிற்றின் வெப்பத்தைச் சேமிக்கிறது. அந்த வெப்பத்தைக் குவித்தே படையெடுத்த பகைவரை விரட்டுகிறார்கள். அதே வெப்பத்தில்தான் சோறும் வேகிறது. ஆகவே, அந்நாட்டு அடுக்களையில் கரி இல்லை, புகை இல்லை. சன்னலோரத்தில் பூந்தோட்டம் உண்டு. நம் பின்கட்டை எண்ணிப் பாருங்கள்!

"இது விஞ்ஞானமா? வெறும் கனவன்றோ?" என்று கேட்டார் ஒரு நண்பர். நான் மறுக்கிறேன். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்தது 1903 டிசம்பரில். அடுத்த ஈராண்டுக்குள் வான ஊர்தியில் பெண்களை ஏற்றிவிட்டார் ரொக்கேயா. அதுகூடப் பெரிதன்று. ஆய்வுக்கூடத்திலே என்ன செய்கிறோம்? மற்றவற்றை அப்படியே வைத்து, ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைப் பார்க்கிறோம். ரொக்கேயா செய்ததும் அதுவே. ஆணும் பெண்ணும் நிற்கும் இடத்தை மாற்றினார். மாற்றியதும், இயற்கை என்று நாம் எண்ணியிருந்தது வெறும் ஏற்பாடு என்பது வெளியாயிற்று. இதைவிடத் துணிவான ஆய்வு எது?

"ஆண்களை அடைத்து வைப்பது நீதியா?" என்று வெகுண்டார் இன்னொருவர். நீதியன்று, நண்பரே! கற்பனையில், சில பக்கங்களில், உம் இனத்தை அடைத்ததற்கே உமக்கு இத்துணைச் சினம் வருகிறது. உண்மையில், நூற்றாண்டு நூற்றாண்டாக அடைக்கப்பட்டவருக்கு எத்துணை வர வேண்டும்? பித்தர் வெளியே திரிய, தெளிந்தவரைப் பூட்டி வைப்பாருண்டோ என்று கதையிலே வரும் சாரா கேட்கிறாள். விடை சொல்லும் பிறகு வெகுளும்!

அதே சாரா கணக்கும் போடுகிறாள். ஒரு சுருட்டு எரிய அரை மணி. நாளொன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டு. ஆக, அலுவலகத்தில் ஆண் வீணாக்குவது ஆறு மணி நேரம்! அன்று சுருட்டு, எங்கள் மண்டபத்திலே வாதம். வேறுபாடு அவ்வளவே.

இந்த மலைக்கு 1820களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நன்று. அன்று தொட்டு இச்சரிவுகளிலே பழம் பறித்த பெண்களில் ஒருவர் பெயரையேனும் எழுதி வைத்தார்களா? பெயர் மறைப்பது பழைய வழக்கம். காப்பித் தோட்டத்திலும் அதுவே. கதை உலகிலும் அதுவே. பகுத்தறிவாளர் கூட்டத்திலும் அதுவே என்றால், நாம் எதைத்தான் பகுத்தோம்?

ரொக்கேயா கனவோடு நின்றாரில்லை. கணவர் மறைந்தபின் 1909இல் பாகல்பூரில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். 1911இல் அதைக் கல்கத்தாவில் நிறுவினார். 1932இல் மறையும்வரை அதற்காகவே உழைத்தார். எழுதிய கை கட்டவும் செய்தது.

விண்மீன்கள் அணைவதைக் காட்டிய கதைகள் என்னை வியக்க வைத்தன. அவற்றைப் படித்துவிட்டுக் கவலையின்றிக் காப்பி குடித்தேன். சுல்தானாவின் கனவைப் படித்தபின் குடிக்க முடியவில்லை. அந்தக் காப்பியைப் போட்டவர் யார் என்று கேட்க வேண்டியதாயிற்று. ஆகவே என் வாக்கு ரொக்கேயாவுக்கே.

முந்தைய முடிவு செல்லாது என்று அங்கேயே தீர்மானித்தோம். அடுத்த திங்கள் மீண்டும் கூடுகிறோம். அடுப்பு மூட்டுவது ஆண்கள். வாக்கெடுப்பு, ஏனங்களை நாங்கள் கழுவிக் கவிழ்த்த பிறகு!